அஞ்சு வெள்ளி டிரிபியூனல் கிடையாது, ஐயாயிரம் வெள்ளி வழக்கு உண்டு: வாடகைத் தகராறுக்குத் ‘துந்துத்தான் கெச்சில்’ எவ்வளவு உதவும்?

வாடகைத் தகராறு என்று வந்துவிட்டால் செந்தூலிலும் சரி, பட்டர்வொர்த்திலும் சரி, முதலில் காதில் விழும் யோசனை ஒன்றுதான்: “டிரிபியூனலுக்குப் போங்க, அஞ்சு வெள்ளி கட்டினா போதும்.” சொல்பவர் நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறார். ஆனால் மலேசியாவில் வீட்டுக்காரருக்கும் வாடகைக்காரருக்கும் இடையில் ஒப்பந்தம் மீறப்பட்டால் அதை விசாரிப்பதற்கென்று தனி டிரிபியூனல் கிடையாது. வீட்டு வாடகைக்கென ஒரு சட்டம் வரும், அதோடு தகராறு தீர்க்கும் அமைப்பும் வரும் என்ற பேச்சு பல வருடமாக ஓடிக்கொண்டிருக்கிறது. பேச்சை நம்பி டெபாசிட்டை மீட்க முடியாது. இன்றைக்குக் கையில் இருப்பது மஜிஸ்திரேட் நீதிமன்றத்தின் சிறு கோரிக்கை முறை. நீதிமன்ற முகப்பில் கேட்கும்போது மலாயில் ‘துந்துத்தான் கெச்சில்’ என்று கேளுங்கள்.

இந்தச் சேவையைப் பற்றிய மதிப்பீட்டை முதலிலேயே சொல்லிவிடலாம். டெபாசிட்டைத் திருப்பித் தராத வீட்டுக்காரர் மீது வழக்குப் போட இதைவிட நல்ல வழி இல்லை. வாடகை பாக்கி வைத்துவிட்டு வீட்டைக் காலி செய்து போனவர் மீது போடவும் உதவும். பாக்கியும் வைத்துக்கொண்டு வீட்டையும் காலி செய்யாமல் உட்கார்ந்திருப்பவரை வெளியேற்ற இது துளியும் உதவாது. இந்த வித்தியாசம் தெரியாமல் போய் மாதக்கணக்கை வீணாக்குகிறவர்கள் நிறைய.

மற்ற மூன்று டிரிபியூனல்கள் ஏன் ஒத்துவராது என்பதையும் தெரிந்துகொண்டால் அலைச்சல் மிச்சம். அஞ்சு வெள்ளி கட்டும் இடம் பயனீட்டாளர் கோரிக்கை டிரிபியூனல். 1999ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருவது. உச்சவரம்பு 50,000 வெள்ளி. நிலம், நிலத்தின் மீதான உரிமை சம்பந்தப்பட்ட கோரிக்கைகளை அந்தச் சட்டமே விலக்கி வைத்திருக்கிறது. போதாததற்கு, அங்கே வழக்கு வியாபாரிக்கும் பயனீட்டாளருக்கும் இடையில்தான். தன்னிடம் இருக்கும் ஒரே ஒரு ஃபிளாட்டை வாடகைக்கு விட்டவரை வியாபாரி என்று நிறுவுவது லேசல்ல. ஏர்கோன் பழுது பார்க்க வந்தவர் காசை வாங்கிக்கொண்டு வேலையை அரைகுறையாக விட்டாரா, அதற்கு அங்கே போகலாம். வீட்டு வாடகைக்கு வேண்டாம்.

அடுக்குமாடி வீடுகளுக்கான ஸ்ட்ராட்டா நிர்வாக டிரிபியூனல் 2013ஆம் ஆண்டுச் சட்டத்தில் வந்தது. 2,50,000 வெள்ளி வரை விசாரிக்கும். அந்தத் தொகையைப் பார்த்து மயங்கிவிடக் கூடாது. அது ஜேஎம்பி (கூட்டு நிர்வாக அமைப்பு), மேனேஜ்மெண்ட், யூனிட் உரிமையாளர்கள் இவர்களுக்கிடையிலான தகராறுக்கு. மேல்மாடியிலிருந்து தண்ணீர் ஒழுகுகிறது என்றால் புகார் கிடைத்த 7 நாளுக்குள் மேனேஜ்மெண்ட் வந்து பார்க்க வேண்டும் என்று விதி இருக்கிறது. ஆகவே வாடகைக்கு இருப்பவர் ஒழுகலைப் படம் எடுத்து வீட்டுக்காரருக்கும் மேனேஜ்மெண்டுக்கும் ஒரே நாளில் எழுதிவிடுவது நல்லது. அதற்கு மேல் டிரிபியூனலுக்குப் போக வேண்டியவர் வீட்டுக்காரர். மூன்றாவதாக, வீடு வாங்குவோர் டிரிபியூனல். அது டெவலப்பர் மேல் போடும் வழக்குக்கு. வாடகைக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

சரி, சிறு கோரிக்கைக்கு வருவோம். இது நீதிமன்ற விதிகள் 2012இல் ஆர்டர் 93. கோரிக்கை 5,000 வெள்ளியைத் தாண்டக் கூடாது. வழக்குப் போடுகிறவர் தனிமனிதராக இருக்க வேண்டும்; கம்பெனி போட முடியாது. ஆனால் கம்பெனி மீது போடலாம். வீட்டைச் ‘செண்டிரியான் பெர்ஹாட்’ பெயரில் வாங்கி வாடகைக்கு விடுகிறவர்கள் இப்போது பெருகிவிட்டதால் இது முக்கியம்: வாடகைக்காரர் அந்தக் கம்பெனியை இங்கே இழுக்கலாம், கம்பெனி அவரை இங்கே இழுக்க முடியாது. வழக்குப் போடுகிறவர் வக்கீல் வைத்துக்கொள்ள முடியாது. பலர் இதைக் குறையாகப் பார்க்கிறார்கள். உண்மையில் இதுதான் இந்தச் சேவையின் பெரிய நன்மை. 3,000 வெள்ளி டெபாசிட்டுக்கு வக்கீல் வைத்தால் கட்டணத்திலேயே பாதி கரைந்துவிடும். இங்கே பதிவுக் கட்டணம் சொற்பம், பேசுவது நீங்களே.

5,000 வெள்ளி என்ற வரம்பு நடைமுறையில் எங்கே இடிக்கிறது என்று கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். கோலாலம்பூரிலும் பினாங்கிலும் வழக்கமான டெபாசிட் இரண்டு மாத வாடகை. அதோடு தண்ணீர், மின்சாரத்துக்கு அரை மாதம். ஆக இரண்டரை மாதம். வாடகை 1,300 என்றால் 2,600ம் 650ம் சேர்ந்து 3,250. தாராளமாக உள்ளே அடங்கும். வாடகை 2,000 என்றால் 4,000ம் 1,000மும் சேர்ந்து சரியாக 5,000. அதுதான் எல்லைக்கோடு. 2,200 வெள்ளிக் கொண்டோ என்றால் 5,500 ஆகிவிடும். 500 வெள்ளியை விட்டுக்கொடுத்துவிட்டு 5,000க்கு மட்டும் போடலாம், ஆனால் விட்டது விட்டதுதான், பிறகு அந்த 500க்குத் தனி வழக்குப் போட முடியாது. செக்யூரிட்டி டெபாசிட்டுக்கு ஒன்று, யூட்டிலிட்டி டெபாசிட்டுக்கு ஒன்று என்று கூறுபோட்டு இரண்டு வழக்காகக் கொண்டுபோவதும் எடுபடாது. ஒரே ஒப்பந்தம், ஒரே கோரிக்கை. 500, 600 வித்தியாசத்துக்காகச் சாதாரண வழக்குக்குப் போய் வக்கீலுக்குக் கொடுப்பதைவிட விட்டுவிடுவதே புத்திசாலித்தனம். இரண்டு படுக்கையறை வீட்டுக்கே 2,000 கேட்கும் பகுதிகள் கோலாலம்பூரில் எத்தனை இருக்கின்றன என்று பார்த்தால் இந்த வரம்பு எவ்வளவு குறுகலானது என்பது தெரியும். இந்தச் சேவையின் மீது வைக்க வேண்டிய முதல் குறை இதுதான்.

வீட்டுக்காரர்களுக்கும் இதே கணக்கு வேறு மாதிரி வந்து கடிக்கும். 1,300 வாடகையில் மூன்று மாதப் பாக்கி 3,900. நான்காவது மாதம் வந்தால் 5,200, எல்லையைத் தாண்டியாயிற்று. “பாவம், பிள்ளைகுட்டிக்காரர், அடுத்த மாதம் தருவார்” என்று ஆறு மாதம் பொறுத்திருந்தவர் இந்த வாசலைத் தானே சாத்திக்கொண்டவர் ஆகிறார்.

எங்கே போட வேண்டும்? எதிராளி குடியிருக்கும் இடம் அல்லது தகராறு எழுந்த இடம் எந்த மஜிஸ்திரேட் நீதிமன்றத்தின் எல்லைக்குள் வருகிறதோ அங்கே. கோலாலம்பூர் வீடு என்றால் ஜாலான் டூத்தா நீதிமன்ற வளாகம். பினாங்குத் தீவு என்றால் ஜார்ஜ்டவுன் லெபோ லைட். பெருநிலத்தில் பட்டர்வொர்த், புக்கிட் மெர்தாஜாம். அம்பாங் மாதிரி பாதி கூட்டரசுப் பிரதேசம், பாதி சிலாங்கூர் என்று கிடக்கும் இடங்களில் கவனம் தேவை. வீட்டு வரி ரசீதில் எந்த நகராட்சி என்று பார்த்தால் தெரிந்துவிடும். தப்பான நீதிமன்றத்தில் போட்டால் ஒரு நாள் லீவு போச்சு.

பாரம் 198ஐ நிரப்பி, கையெழுத்துப் போட்டு, முகப்பில் கேட்கும் எண்ணிக்கையில் பிரதிகளோடு கொடுக்க வேண்டும். முகப்பில் முத்திரை குத்தி வழக்கு எண் கொடுப்பார்கள். பிறகு எதிராளிக்கு அதைச் சேர்ப்பிக்கும் பொறுப்பு உங்களுடையது: நேரில் கொடுக்கலாம், அல்லது ஏ.ஆர். பதிவுத் தபாலில் அனுப்பலாம். அந்த ஏ.ஆர். அட்டை கையெழுத்தோடு திரும்பி வந்தால் அதைத் தங்கம் மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். பாதி வழக்குகள் தடுக்கிவிழும் இடம் இதுதான். ஒப்பந்தத்தில் வீட்டுக்காரர் முகவரி என்று போட்டிருப்பது பெரும்பாலும் அவருடைய பழைய அடையாள அட்டை முகவரி. அவர் அங்கே இருந்து வருடங்கள் ஆகியிருக்கும். தபால் திரும்பி வரும், வழக்கு தேங்கும். வீட்டில் குடியிருக்கும்போதே வீட்டு வரி பில், இண்டா வாட்டர் (கழிவுநீர்) பில் என்று அவர் பெயருக்கு வரும் கடிதங்களில் என்ன முகவரி இருக்கிறது என்று பார்த்து வைத்துக்கொண்டால் இந்தச் சிக்கல் வராது. கம்பெனி என்றால் எஸ்எஸ்எம் என்ற கம்பெனிப் பதிவு ஆணையத்தின் தேடலில் பதிவு முகவரி கிடைத்துவிடும்.

பாரத்தில் என்ன எழுதுவது என்பதில்தான் ஆளுக்கு ஆள் வித்தியாசம். மூன்று பக்கத்துக்கு மனக்குறையைக் கொட்டி எழுதுகிறவர்கள் உண்டு. மஜிஸ்திரேட்டுக்கு வேண்டியது அது அல்ல. தேதியும் தொகையும்தான். உதாரணத்துக்கு ஒரு வாடகைக்காரர் இப்படி எழுதினால் போதும்: ஒப்பந்தத் தேதி இது, வீட்டு முகவரி இது, வாடகை 1,300. செக்யூரிட்டி டெபாசிட் 2,600, யூட்டிலிட்டி டெபாசிட் 650, கதவு அட்டை டெபாசிட் 100. மொத்தம் 3,350, கட்டிய ரசீது இணைப்பு அ. ஒப்பந்தம் முடிந்து மே 31ஆம் தேதி சாவியை ஒப்படைத்தேன், இணைப்பு ஆ. கடைசி மின்சார பில் 84 வெள்ளி 60 காசு, தண்ணீர் 11 வெள்ளி 20 காசு, இரண்டையும் கழித்துக்கொள்ளலாம். பாக்கி 3,254 வெள்ளி 20 காசு. ஒப்பந்தத்தின் இன்ன விதிப்படி 14 நாளுக்குள் தந்திருக்க வேண்டும், தரவில்லை. கடிதம் அனுப்பிக் கேட்டேன், இணைப்பு இ. அவ்வளவுதான்.

தான் கட்ட வேண்டிய பில்லைத் தானே கழித்துக் காட்டியிருக்கிறார் பாருங்கள், அது சின்ன விஷயம் இல்லை. நேர்மையாகக் கணக்குப் போடுகிறவர் என்ற எண்ணம் படித்த மாத்திரத்தில் வந்துவிடும். பாரம் மலாயில்தான். தமிழிலோ ஆங்கிலத்திலோ முதலில் எழுதி வைத்துக்கொண்டு, மலாய் நன்றாக எழுதும் பிள்ளைகள் வீட்டில் இருந்தால் அவர்களைவிட்டு எழுதச் சொல்லலாம். டெபாசிட்டுக்கு ‘வாங் சகாரான்’ என்று போட வேண்டும். விசாரணையில் தமிழில் பேசினால்தான் சரளமாக வரும் என்றால் முதல் தேதியிலேயே மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று நீதிமன்ற ஊழியரிடம் சொல்லிவிடுங்கள். தட்டுத்தடுமாறிப் பேசிவிட்டு அப்புறம் வருத்தப்படுவதில் அர்த்தமில்லை.

வழக்குப் போடுவதற்கு முன்னால் கடிதம் அனுப்புவது சட்டப்படி கட்டாயம் இல்லை. ஆனால் அனுப்பாமல் போகவே கூடாது. 14 நாள் கெடு வைத்து, தொகையை விவரமாகப் போட்டு, பதிவுத் தபாலில் ஒன்று, அதையே படம் எடுத்து வாட்ஸ்அப்பில் ஒன்று. கணிசமான தகராறுகள் இந்தக் கடிதத்தோடு முடிந்துவிடுகின்றன. ‘இவர் நீதிமன்றம் வரைக்கும் போவார்’ என்பது புரிந்தால் பல வீட்டுக்காரர்கள் இறங்கி வருவார்கள். கோபத்தில் திட்டி எழுதிய வாட்ஸ்அப் வரிகளும் நாளைக்கு அச்சாகி நீதிமன்றத்தில் உட்காரும் என்பதை இரண்டு பக்கமும் மறக்கக் கூடாது.

சாட்சியம் என்றால் உண்மையில் அது சாவி கைமாறும் இரண்டு நாட்களில் உருவாவது: உள்ளே போகும் நாள், வெளியே வரும் நாள். நீதிமன்றத்தில் ஜெயிப்பதும் தோற்பதும் பெரும்பாலும் அங்கேயே முடிவாகிவிடுகிறது. உள்ளே போகும் நாளில் ஒவ்வொரு அறையையும் வாசலில் நின்று ஒரு படம், நான்கு சுவருக்கும் ஒன்று, தரை, கூரை, கதவுப் பூட்டு, ஜன்னல் தாழ்ப்பாள், குளியலறைத் தரை ஓரம், சமையலறை மேடை, ஏர்கோன் ஓடும்போது ஒரு வீடியோ. மின்சார மீட்டரும் தண்ணீர் மீட்டரும் எண் தெரிய, கிட்டப் போய் எடுக்க வேண்டும். எடுத்த படங்களை அன்றைக்கே வீட்டுக்காரருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். கைப்பேசியில் மட்டும் வைத்திருந்தால் ‘இது எப்ப எடுத்தது?’ என்ற கேள்வி வரும்; அனுப்பியிருந்தால் தேதி அவருடைய கைப்பேசியிலேயே பதிவாகிவிடும். வெளியே வரும் நாளில் அதே இடங்களில், அதே கோணத்தில் மறுபடியும். சாவி எத்தனை, கதவு அட்டை எத்தனை, கார் நிறுத்த ரிமோட் எத்தனை என்று ஒரு தாளில் எழுதி வீட்டுக்காரரோ ஏஜெண்டோ கையெழுத்துப் போட வேண்டும். ‘சாவியைத் தபால்பெட்டியில் போட்டுட்டுப் போங்க’ என்று சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். அப்படிப் போட்ட சாவி என்றைக்கு அவர் கைக்குப் போனது என்று நிரூபிக்க முடியாது. அந்த இடைவெளிக்கும் சேர்த்து வாடகை கேட்பார்கள்.

வீட்டுக்காரர் கழிக்கும் செலவுகளில் நியாயமானதும் உண்டு, அநியாயமானதும் உண்டு. இரண்டு வருடம் குடியிருந்த வீட்டில் சுவர் மங்குவதும், சோபா வைத்த இடத்தில் லேசாகத் தடம் விழுவதும் புழக்கத்தின் தேய்மானம். அதற்கு 1,200 வெள்ளி பெயிண்ட் செலவு என்று ரசீதே இல்லாமல் கழித்தால் நீதிமன்றத்தில் அது நிற்பது கஷ்டம். ஆனால் சுவரில் பத்து இடத்தில் ஆணி அடித்திருந்தாலோ, சாமி அலமாரிக்குப் பின்னால் சாம்பிராணிப் புகை படிந்து கறுத்திருந்தாலோ, அது தேய்மானம் இல்லை. நம் பக்கக் குறை. காலி செய்வதற்கு முன் அந்த ஒரு சுவரை மட்டும் நாமே பூசிவிட்டால் இரண்டு தகரம் பெயிண்டில் போகும். காலி செய்யும்போது வீடு முழுக்க வெள்ளை அடித்துத் தர வேண்டும், ஏர்கோன் சர்வீஸ் செய்து ரசீது தர வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே இருந்தால் அது வேறு கதை. கையெழுத்துப் போட்டவர் செய்தாக வேண்டும். வீட்டுக்காரர்கள் பக்கம் சொல்வதென்றால், ஒவ்வொரு கழிவுக்கும் படமும் ரசீதும் வைத்திருங்கள். மொத்தமாக ‘ரிப்பேர் 2,000’ என்று எழுதுவதை யாரும் ஏற்க மாட்டார்கள்.

கடைசி இரண்டு மாத வாடகையைக் கட்டாமல் ‘டெபாசிட்டில் கழிச்சுக்குங்க’ என்று சொல்லும் பழக்கம் நம்மிடையே மிகப் பரவலாக இருக்கிறது. பெரும்பாலான ஒப்பந்தங்களில் இது தெளிவாகத் தடுக்கப்பட்டிருக்கும். வீட்டுக்காரர் திருப்பித் தரமாட்டார் என்ற பயத்தில் செய்வதுதான், புரிகிறது. ஆனால் அந்த நிமிடத்தில் ஒப்பந்தத்தை மீறியவர் வாடகைக்காரர் ஆகிவிடுகிறார். பிறகு உண்மையான சேதத்துக்கு வீட்டுக்காரர் கேட்கும்போது கையில் டெபாசிட்டும் இல்லை, பேச வாயும் இல்லை.

ஸ்டாம்ப் விஷயம். முத்திரைத் தீர்வை கட்டாத ஒப்பந்தத்தை முத்திரைச் சட்டம் 1949 சாட்சியமாக ஏற்கவிடாது. ஏஜெண்ட் செய்துவிட்டார் என்று வாய்வார்த்தையை நம்பாமல், ஸ்டாம்ப் சான்றிதழைக் கையில் வாங்குங்கள். 1 ஜனவரி 2025 முதல் ஆண்டு வாடகையில் முதல் 2,400 வெள்ளிக்கு இருந்த விலக்கு எடுக்கப்பட்டுவிட்டது. 1,300 வெள்ளி வாடகைக்கு ஆண்டுத் தொகை 15,600. ஒவ்வொரு 250க்கும் 1 வெள்ளி, மிச்சத்துக்கும் முழு வெள்ளி. ஒரு வருட ஒப்பந்தத்துக்கு 63 வெள்ளி. ஒரு வருடத்துக்கு மேல் மூன்று வருடம் வரை 3 வெள்ளி விகிதம் என்பதால் இரண்டு வருடத்துக்கு 189. இரண்டாவது பிரதிக்கு 10. கையெழுத்துப் போட்ட 30 நாளுக்குள் கட்ட வேண்டும். தாமதமானாலும் அபராதத்தோடு கட்டிவிட்டு வழக்குக்குக் கொண்டுபோகலாம். 63 வெள்ளித் தீர்வையை மூன்று மாதத்துக்கு மேல் இழுத்தடித்தால் அபராதம் மட்டும் 100 வெள்ளி. 2026 முதல் வாடகை ஒப்பந்தங்களுக்குச் சுயமதிப்பீடு வந்துவிட்டது. கணக்குப் போடும் பொறுப்பு கட்டுகிறவருடையது, தப்பாகப் போட்டால் அவர்தான் பதில் சொல்ல வேண்டும்.

எழுத்து ஒப்பந்தமே இல்லாமல் வாய்ப்பேச்சில் குடியிருப்பவர்கள் மனம் தளர வேண்டாம். மூன்று வருடத்துக்குள் அடங்கும் வாடகை வாய்ப்பேச்சாக இருந்தாலும் நிலச் சட்டம் அதை ஏற்கிறது. மாதாமாதம் வங்கியில் போட்ட கணக்கு விவரமும் ‘வாடகை வந்துடுச்சு’ என்ற வாட்ஸ்அப் பதிலும் அங்கே ஒப்பந்தத்தின் வேலையைச் செய்யும். ரொக்கமாக மட்டும் கொடுத்து ரசீதும் வாங்காதவர்தான் உண்மையில் சிக்கலில் இருக்கிறார்.

எதிராளிக்கு பாரம் போய்ச் சேர்ந்த 14 நாளுக்குள் அவர் பாரம் 199இல் தன் பதிலைப் போட வேண்டும். எதிர்க் கோரிக்கையும் வைக்கலாம். பதிலும் போடாமல், தேதிக்கும் வராமல் இருந்தால் உங்கள் பக்கமே தீர்ப்பு ஆகலாம். வந்தார் என்றால் மஜிஸ்திரேட் முதலில் இரண்டு பேரையும் சமாதானத்துக்குக் கொண்டுவரத்தான் பார்ப்பார். ‘2,500 இப்பவே தரேன், விட்டுடுங்க’ என்ற பேச்சு அங்கே எழும். எவ்வளவுக்குக் குறைந்தால் ஒத்துக்கொள்ளலாம் என்று வீட்டிலிருந்தே முடிவு செய்துகொண்டு போக வேண்டும்; அங்கே நின்று யோசிக்க நேரம் கிடைக்காது. ஒத்துக்கொண்டால் அதை நீதிமன்ற உத்தரவாகப் பதிவு செய்யச் சொல்லுங்கள். வெளியே காப்பிக் கடையில் போய்ப் பேசிக்கொள்ளலாம் என்று வழக்கை வாபஸ் வாங்கினால் கையில் ஒன்றும் இல்லை. சமாதானம் ஆகவில்லை என்றால் விசாரணை. படங்கள் கைப்பேசியில் இருந்தால் போதாது. வண்ணத்தில் அச்செடுத்து, தேதி வாரியாக அடுக்கி, எண் போட்டு, நீதிபதிக்கு ஒன்று, எதிராளிக்கு ஒன்று, உங்களுக்கு ஒன்று என்று மூன்று கட்டாகக் கொண்டுபோங்கள்.

இனி இந்தச் சேவை கைவிடும் இடம். இது பணத்துக்கு மட்டும். வீட்டை மீட்டுத் தராது. பாக்கி வைத்துக்கொண்டு காலி செய்யாதவர் வீட்டில் பூட்டை மாற்றுவது, மின்சாரத்தைத் துண்டிப்பது, சாமான்களை வெளியே எடுத்துப் போடுவது எல்லாம் நம் ஊரில் நடக்கிறது. ‘என் வீடு, என் சாவி’ என்ற வாதம் சட்டத்தின் முன் செல்லாது. குறிப்பிட்ட நிவாரணச் சட்டம் 1950, பிரிவு 7(2) இதைத் தெளிவாகச் சொல்கிறது: ஒப்பந்தம் முடிந்த பிறகும் ஒருவர் குடியிருந்தால் நீதிமன்ற வழியன்றி வேறு வழியில் அவரை வெளியேற்றக் கூடாது. பூட்டை மாற்றிய வீட்டுக்காரர் மீது வாடகைக்காரர் நஷ்டஈடு கேட்டு வழக்குப் போட முடியும்; பாக்கி கேட்கப் போனவர் பதில் சொல்ல வேண்டியவராகிவிடுவார். வாடகைத் தகராறை செஷன்ஸ் நீதிமன்றம் தொகை வரம்பு இல்லாமல் விசாரிக்கும். 1,00,000 வெள்ளிக்கு உட்பட்டது மஜிஸ்திரேட் நீதிமன்றத்திலும் சாதாரண வழக்காகப் போகும். இதற்கு வக்கீல் தேவை. ஒப்பந்தம் முடிந்தும் குடியிருந்த காலத்துக்கு இரட்டிப்பு வாடகை கேட்க சிவில் சட்டம் 1956, பிரிவு 28 இடம் தருகிறது என்பதை வக்கீலிடம் நினைவூட்டுங்கள்.

வீட்டுக்காரர்களுக்கு இன்னொரு ஆயுதம் டிஸ்ட்ரெஸ் சட்டம் 1951. 12 மாதம் வரையிலான பாக்கிக்கு எதிராளிக்கு முன்னறிவிப்பு இல்லாமலே மனுப் போட்டு, நீதிமன்ற ஊழியரான பெய்லிஃப் வந்து சாமான்களைப் பறிமுதல் செய்யலாம். உடுதுணி, படுக்கை, தொழில் கருவி போன்றவற்றைத் தொட முடியாது. இதில் அடிக்கடி நடக்கும் தவறு ஒன்று உண்டு: கோபத்தில் முதலில் ‘ஒப்பந்தத்தை ரத்து செய்கிறேன்’ என்று கடிதம் அனுப்பிவிட்டுப் பிறகு டிஸ்ட்ரெஸுக்குப் போவது. ஒப்பந்தம் உயிரோடு இருக்கும்போதுதான் டிஸ்ட்ரெஸ். ரத்து செய்தால் அந்தக் கதவு மூடிவிடும். ரத்து செய்த பிறகு வாடகையாகப் பணம் வாங்கினாலும் ரத்து செய்ததே செல்லாது என்ற வாதத்துக்கு இடம் கொடுக்கும். எந்தக் கடிதத்தை எப்போது அனுப்புவது என்பதற்காகவாவது ஒரு மணி நேரம் வக்கீலைப் பார்ப்பது வீண் செலவல்ல.

ஜார்ஜ்டவுன் பழைய கடைவீடுகளில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 1966ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் போருக்கு முந்தைய கட்டடங்களில் இருந்தவர்களைக் காத்தது. 1 ஜனவரி 2000 முதல் அது முற்றாக நீங்கிவிட்டது. ‘தாத்தா காலத்திலிருந்து இருக்கோம், எழுப்ப முடியாது’ என்ற நம்பிக்கைக்கு இன்று சட்டத்தில் பிடிமானம் இல்லை. மாத வாடகைக்கு ரசீது மட்டும் வாங்கிக்கொண்டிருப்பவர்கள் எழுத்து ஒப்பந்தம் கேட்டு வாங்கிக்கொள்வதுதான் பாதுகாப்பு.

அக்கம்பக்கத்தில் என்ன இருக்கிறது என்று பார்த்தால் நம் முறையின் ஓட்டை தெரியும். சிங்கப்பூரில் சிறு கோரிக்கை டிரிபியூனல் இரண்டு வருடத்துக்கு மேற்படாத வீட்டு வாடகை ஒப்பந்தங்களை விசாரிக்கிறது. வரம்பு 20,000 டாலர், இரண்டு தரப்பும் ஒத்துக்கொண்டால் 30,000. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் டெபாசிட் பணம் வீட்டுக்காரர் கையில் இருப்பதே இல்லை. அதற்கென்று இருக்கும் அரசு ஆணையத்திடம் இருக்கும், தகராறு வந்தால் டிரிபியூனல் முடிவு செய்யும். நம்மிடம் டெபாசிட் வீட்டுக்காரரின் சொந்தக் கணக்கில் கிடக்கிறது. அவர் செலவழித்திருப்பார். தரமாட்டேன் என்பதற்கும் தர முடியவில்லை என்பதற்கும் அங்கேயே பாதிக் காரணம் இருக்கிறது.

கடைசியாக, தீர்ப்பு கைக்கு வந்த பிறகு. இங்கேதான் இந்தச் சேவைக்கு இரண்டாவது பெரிய மதிப்பெண் குறைவு. நீதிமன்றம் உத்தரவு போடும். பணத்தை வசூலித்து உங்கள் கையில் கொடுக்காது. தவணையில் கட்டச் சொல்லி உத்தரவு வரலாம், எதிராளி இரண்டு தவணையோடு நின்றுவிடலாம். பறிமுதல் உத்தரவு வாங்கினால் பெய்லிஃப் செலவுக்கு முன்பணம் நீங்கள்தான் கட்ட வேண்டும்; 3,000 வெள்ளித் தீர்ப்புக்குப் பழைய டிவியையும் சோபாவையும் எடுத்து ஏலம் விடுவது கட்டுப்படியாகாது. ‘சமன் பெங்ஹுத்தாங் பெங்ஹாக்கிமான்’ என்ற கடனாளி சம்மன் போட்டால் அவர் வந்து தன் வருமானத்தையும் சொத்தையும் நீதிமன்றத்தில் சொல்ல வேண்டும். மாதச் சம்பளக்காரருக்கு இது நன்றாக வேலை செய்யும். வாடகைக்காரருக்கோ இன்னும் நேரடியான வழி ஒன்று இருக்கிறது. இத்தனை மாதம் வாடகை போட்ட வங்கிக் கணக்கு எது என்று அவருக்குத் தெரியும். அந்த வங்கியின் பேரில் கார்னிஷி உத்தரவு கேட்டால், கணக்கில் இருக்கும் பணம் நேராகத் தீர்ப்புத் தொகைக்குத் திரும்பும். வீட்டுக்காரரும் வாடகை வந்த வங்கிச் சீட்டைப் பார்த்தால் எதிராளி எந்த வங்கி என்பது தெரியும். குடிவைக்கும்போது வாங்கிய சம்பளச் சீட்டின் நகல் இருந்தால் வேலை செய்யும் இடமும் தெரியும். அந்த இரண்டு தாளையும் ஒப்பந்தத்தோடு சேர்த்தே பத்திரப்படுத்தி வையுங்கள்.